தூசி அண்ணனின் ஊதுபந்து

டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் முன் அத்தான் அதன் மேல், கடிகாரத் தூசியை விரட்டுகிற ரப்பர் ஊதுபந்தை இரண்டு முறை அமுக்குகிறார். புஸ், புஸ். பிறகுதான் ஒரு வாய் குடிப்பார். உட்காரப்போகும் நாற்காலிக்கும் அதே மரியாதைதான். மகளின் கணக்கு நோட்டு, சட்டைக் காலர், வீட்டுச் சாவி, எதுவும் தப்பாது. "மக பொறந்ததும் நர்ஸ் கொண்டாந்து கையில குடுக்குறாங்க, இந்த மனுஷன் பாக்கெட்டத் தடவுறாரு" என்று என் அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அவர் மறுத்துப் பேசியதில்லை.

அவர் வேலை கடிகாரம் மூடுவது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதற்கே ஒரு ஆள் வேண்டும். விலை உயர்ந்த கடிகாரங்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறோம். பிரிப்பவர் ஒருவர், எண்ணெய் வைக்கிற அம்மா ஒருவர், வார் மாற்ற நான். எல்லோரும் முடித்த பிறகு கடைசியாக உறையை மூடித் திருகுவது அத்தான். சாதாரணக் கடிகாரமாக இருந்தால் கவலை இல்லை. முகப்புத் தட்டுக்கு அடியில் ஒரு தூசி கிடந்தால் யார் கண்டது? இவர் மேசைக்கு வருகிறவையோ ஸ்கெலிட்டன் வாட்ச்சுகள். முகப்பே கிடையாது. சுற்றிலும் உறை சஃபையர் கல், நிறமில்லாமல் கண்ணாடி போலத் தெளிவு. முன்னால், பின்னால், பக்கவாட்டில், எப்படித் திருப்பினாலும் சக்கரங்கள் ஓடுவது தெரியும். உள்ளே ஒரு இமைமுடி மாட்டிக்கொண்டால் அதுவும் தெரியும். வாங்குகிறவர்கள் அதில் மணி பார்ப்பதே இல்லை, உள்ளேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "வீட்டுக்குக் கண்ணாடியில செவுரு வெச்சுட்டா, பெருக்காம இருக்க முடியுமா?" என்பார் அத்தான்.

சஃபையரில் லேசில் கீறல் விழாது. அதனால் பலசாலி என்று நம்பினால் மோசம் போனோம். நான்கு மூலைத் திருகாணிகளில் ஒன்றைக் கொஞ்சம் அதிகமாக முடுக்கினாலும் விரிசல் விட்டுவிடும். அப்படி ஒரு உறையைக் குடைந்தெடுக்க மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மூடியதைத் திறக்காதே என்பது பட்டறையின் எழுதாத சட்டம். பத்தொன்பது வருடத்தில் அத்தான் ஒன்றைக்கூட உடைத்ததில்லை, ஒரு தூசியை உள்ளே விட்டதும் இல்லை. அதனால்தான் அவருக்குத் தூசி அண்ணன் என்று பெயர்.

அந்தப் பெயரைக் காப்பாற்ற அவர் படும் பாடு இருக்கிறதே! கம்பளி ஆகாது. துண்டால் தலை துவட்டமாட்டார், விசிறிக்கடியில் நின்று காயவைப்பார். காலையில் மகள் கட்டிக்கொள்ள ஓடி வந்தால் போலீஸிடம் அகப்பட்டவரைப் போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்வாங்குவார். "சாயங்காலம்டா தங்கம், சாயங்காலம்" என்பார். சாயங்காலம் வந்ததும் அவளை இறக்கிவிட அக்காதான் சத்தம் போட வேண்டும்.

மூடிய ஒவ்வொரு கடிகாரத்துக்கும் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து உண்டு. முதலில் மூடியவர் போடுவார். பக்கத்தில் 'இரண்டாம் கண்', அதாவது இன்னொருவரும் பார்த்து உள்ளே சுத்தம் என்று உறுதி சொல்ல வேண்டும். அந்த இரண்டாம் கண் நான்தான். இனி மறைத்து என்ன பயன், பதினொரு வருடமாக நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தூசி அண்ணன் மூடியதில் போய் நான் எதைக் கண்டுபிடிக்கப் போகிறேன்? பதிவேட்டை நீட்டுவார், கிறுக்கிக் கொடுப்பேன்.

போன மாதம் அவர் மூடிய கடிகாரம் ஒன்றைத் திரும்பத் திறந்தார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் இரண்டைத் திறந்தார். எண்ணெய் வைக்கிற அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க அத்தான் ஒரே வாட்ச்சை மூன்று தரம் திறந்தாரே, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். வீட்டில் அக்காவுக்கு வேறு புலம்பல். சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே முறைக்கிறாராம். நன்றாயிருந்த வெள்ளைத் தட்டையெல்லாம் பரணில் போட்டுவிட்டுக் கருநீலத் தட்டாக வாங்கி வந்திருக்கிறாராம். "அழுக்கு தெரியாம சாப்பிடலாம்னு பாக்குறாரு போல" என்று நானும் கேலி செய்தேன். எனக்கு அறிவு அவ்வளவுதான்.

வருகிற வாரம் பட்டறையில் வருடாந்திரக் கண் பரிசோதனை. கண்ணில் குறை என்று எழுதிவிட்டால் மூடும் மேசை போய்விடும், பெட்டி கட்டுகிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அத்தான் மேலாளரிடம் போய்த் தன் தேதியை மட்டும் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டிருக்கிறார். அதைக் கேள்விப்பட்டபோதுதான் பரணுக்குப் போன வெள்ளைத் தட்டுகள் எனக்கு ஞாபகம் வந்தன.

நேற்று நான்கு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. அவருடைய கடிகாரத்தை அத்தான் மதியமே மூடினார். திறந்தார். ஊதினார். மூடினார். சாப்பிடப் போகவில்லை. மறுபடி திறந்து மூடினார். ஒவ்வொரு தரமும் அந்த நான்கு திருகாணிகள் இறுகும்போது பட்டறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. மூன்றரைக்குக் கடிகாரத்தைத் தட்டில் ஏந்திக்கொண்டு என் மேசைக்கே வந்தார். இத்தனை வருடத்தில் அவர் அப்படி வந்ததில்லை.

"மாப்ள, இன்னைக்குப் பாத்துட்டுப் போடு."

"என்ன அத்தான் புதுசா?"

"பாரு. மூணாவது சக்கரத்துக்குப் பக்கத்துல. முடி மாதிரி, வளைஞ்சு கெடக்கும்."

லூப் என்கிற உருப்பெருக்கியைக் கண்ணில் சொருகிக்கொண்டு, பதினொரு வருடப் பாவத்துக்கும் சேர்த்துப் பார்த்தேன். விளக்கை அருகில் இழுத்துப் பார்த்தேன். கவிழ்த்துப் பார்த்தேன். பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். சக்கரங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. முடியும் இல்லை, மண்ணும் இல்லை. உள்ளே இல்லையென்றால் அது அவர் கண்ணில் இருக்கிறது.

இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் மறுபடி திறப்பார், இந்தத் தரம் உறை தாங்குமோ தாங்காதோ. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு தூசிக்கு இடம் கொடுக்காத மனிதர், உள்ளே ஒரு தூசி இருக்க வேண்டுமே என்று சாமி கும்பிடுகிறவர் போல நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல அத்தான். சுத்தமா இருக்கு."

"பின்பக்கம்?"

"அங்கயும் இல்ல."

"நல்லாப் பாத்தியா மாப்ள?"

"பாத்தேன்."

சரி என்று தலையசைத்துப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். அவர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். போன மாதம் வெள்ளையடித்த சுவர், அதில் ஆணிகூடக் கிடையாது. அவர் பார்வை எதையோ பின்தொடர்வது போல மேலிருந்து மெல்லக் கீழே இறங்கியது, ஒரு இடத்தில் நின்றது, மேலே ஏறி மறுபடி அதே மாதிரி இறங்கியது. பிறகு பாக்கெட்டிலிருந்து ஊதுபந்தை எடுத்தார். இரண்டு விரல்களால் வலது கண்ணின் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு, பந்தின் முனையைக் கண்ணுக்கு நேராக வைத்து அமுக்கினார். புஸ், புஸ்.