கழித்து எழுதிய நிறை

குருநகர்க் கரையில், படகுகளில் வரும் நண்டை வாங்கும் கொட்டகையை நாங்கள் வாடி என்போம். அங்கே நிறை எழுதுகிறவன் நான். பெயர் சிமியோன். வசந்தினி கூடையைத் தூக்கித் தராசில் வைப்பாள், நான் முள்ளைப் பார்த்து எழுதுவேன். நனைந்த கூடைக்கும் நண்டோடு வருகிற தண்ணீருக்கும் ஒரு கிலோவோ ஒன்றரையோ குறைத்து எழுதுவோம். அதற்குக் கழிவு என்று பெயர். கழிவு போடாமல் நான் எழுதியது வசந்தினியின் நிறை ஒன்றைத்தான். அதையும் கடைசியில் கெடுத்தேன்.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. நல்ல பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய குரல். தாய் செத்தபோது தம்பி லெனாட்டுக்கு ஒன்பது வயது. அவனை வளர்ப்பதிலேயே அவளுடைய கலியாண வயது போய்விட்டது. லெனாட் படகு எஞ்சின் திருத்துகிறவன். முப்பத்திரண்டு வயதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப் போயின. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்து உயிர் வாழ்ந்தான். அக்காவின் சிறுநீரகம் பொருந்தும் என்று கொழும்பில் சொன்னார்கள். ஆனால் அவள் எழுபத்தைந்து கிலோவுக்குக் கீழே வந்தால்தான் ஒப்பரேஷன், இல்லாவிட்டால் அவளுக்கே ஆபத்து என்றார்கள்.

கொழும்பால் வந்த சனிக்கிழமை, கடைசிக் கூடை போன பிறகு அவளே தராசில் ஏறினாள்.

"பாருங்கோ சிமியோன் அண்ணை."

"தொண்ணூற்றாறு. சட்டை, செருப்புக்கு ஒரு கிலோ கழிக்கட்டோ பிள்ளை?"

"ஐயோ, வேண்டாம். உள்ளதை எழுதுங்கோ. நீங்கள் கழிச்சா அங்கை கொழும்பிலையும் கழிப்பினமோ?"

கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் 96 என்று எழுதினேன். பிறகு ஒவ்வொரு சனியும் அதன் கீழே ஒரு எண் வந்தது. விடிய எழுந்து பாசையூர் வரை நடந்து திரும்புவாள். மத்தியானம் எல்லாரும் சோறு தின்ன, அவள் ஒரு கை குரக்கன் பிட்டும் கீரையும் தின்றுவிட்டு எழும்பிவிடுவாள். தேங்காய்ப்பாலும் பொரியலும் வீட்டிலேயே இல்லை.

எங்கள் சனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருத்தி மெலிந்தால் அவளுக்கு நோய்வருத்தம் அல்லது கவலை, மூன்றாவது காரணம் எங்களுக்குத் தெரியாது. "வாடிப் போனாய் வசந்தினி, முகத்திலை ஒரு களையுமில்லை" என்றபடி இடியப்பமும் சொதியும் கொண்டு வருவார்கள். ஏன் மெலிகிறாள் என்று தெரிந்தவர்களும் கொண்டு வந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பதினான்கு மாதம் கழித்து முள் எழுபத்துநான்கில் நின்றது. வாடியே கை தட்டியது. லெனாட்டும் வந்திருந்தான்.

"அக்கா, உன்ரை பழைய சட்டைக்குள்ளை இப்ப உன்னோடை நானும் வரலாம்" என்று சொன்னான். அவள் அவன் முதுகில் ஒன்று போட்டுவிட்டு அழுதாள்.

கொழும்பில் திகதி கொடுத்தார்கள். அதற்கு இரண்டு கிழமை இருக்கும்போது லெனாட்டுக்கு நிமோனியா வந்தது. அது மாறி, உடம்பு தேற ஆறு மாதமாவது வேண்டும் என்றார் டொக்டர். வசந்தினியிடம், "நீங்கள் உந்த நிறையிலையே இருங்கோ அம்மா, அது போதும்" என்றாராம்.

அது போதுமாம்! குறைக்கிற காலத்தில் கிழமைக்குக் கிழமை எண் இறங்கும், பார்க்கிறவர்கள் சபாஷ் போடுவார்கள். இருந்த இடத்தில் இருப்பதற்கு யார் கை தட்டுகிறார்கள்? அதே கை அளவு பிட்டுத்தான் தின்றாள், அதே தூரம்தான் நடந்தாள். இரண்டு மாதத்தில் முள் எழுபத்தாறுக்கு வந்தது.

"முந்தி வயித்திலைதான் பசிச்சது அண்ணை. இப்ப உடம்பு முழுக்கப் பசிக்குது. கோயில்லை பூசை நேரமும் சோத்துப் பானைதான் கண்ணுக்கை நிக்குது" என்றாள்.

பிறகு ஆஸ்பத்திரியில் தம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற நாட்களில் கடையில் பாண் வாங்கித் தின்னத் தொடங்கினாள். முதலில் ஒரு துண்டு, பிறகு கால் றாத்தல். அதைக் களவு செய்தவள் போல என்னிடம் வந்து சொன்னாள். ஒரு மனுஷி எத்தனை நாளைக்குத் தன் வயிற்றோடு மல்லுக்கட்டுவாள்? எனக்கு அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை.

எழுபத்தேழு காட்டிய சனிக்கிழமை அவள் தராசில் நின்றபடியே சட்டையைப் பிடித்துக் காட்டினாள்.

"அண்ணை, இண்டைக்கு நல்லா நனைஞ்சு போச்சு. ஒரு கிலோ கழியுங்கோவன்."

கழித்தேன். அடுத்த மாதம் சட்டைக்கு ஒன்று, செருப்புக்கு ஒன்று. அதற்கடுத்து, அவள் கேட்காமலே நானாகக் கழித்தேன். லெனாட் தேறி, மறுபடி கொழும்புக்குப் போவதற்கு முந்தின சனி முள் எண்பத்தொன்றில் நின்றது. அவள் முள்ளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரில் 75 என்று எழுதினேன்.

"அப்ப ஒரு கிலோதான் கூட, என்ன அண்ணை?"

"ஓம் பிள்ளை. போற வழியிலையே குறைஞ்சிடும்."

கொழும்பில் தராசு எண்பத்தொன்று காட்டியதும், "சட்டைக்குக் கழிவு போட்டனீங்களோ?" என்று நர்ஸிடம் கேட்டாளாம். அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. டொக்டர் ஏசவில்லை. இன்னும் ஏழு கிலோ குறைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் வரச் சொல்லி அனுப்பினார். அவள் திரும்பி வந்து பட்டினியே கிடந்தாள். ஒரு நாள் வாடியில் மயங்கி விழுந்தாள். இரண்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் போக வெளிக்கிட்டு நின்ற லெனாட்டின் இதயம் நின்றுபோனது.

செத்தவீட்டில் ஒரு மனுஷி, "தின்னாமல் இருந்திருந்தா தம்பி இருந்திருப்பான்" என்று சொன்னாள். சொதி கொண்டு வந்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்த இடத்திலேயே அவளை நன்றாக ஏசிவிட்டேன். பேசியதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான் என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து வசந்தினி வேலைக்கு வந்தாள். அந்தப் பெரிய குரல் போய்விட்டது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த சனிக்கிழமை, கடைசிக் கூடைக்குப் பிறகு கதவுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, கடைசியா எழுதினது எழுபத்தஞ்சு. அண்டைக்கு உண்மையா எவ்வளவு?"

எத்தனை நாளாய் இதற்குப் பயந்திருந்தேன்!

"எண்பத்தொண்டு. என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை. நான் உள்ளதைச் சொல்லியிருந்தால்..."

"எனக்கும் தெரியும் அண்ணை. நீங்கள் எழுதக்கை கடைக்கண்ணாலை முள்ளைப் பாத்தனான்." அவள் அந்த எண்ணை விரலால் தடவினாள். பென்சில் கொஞ்சம் அழிந்தது. "தெரிஞ்சுகொண்டுதான் நம்பினனான். அண்டைக்கு இரவு லெனாட் எவ்வளவெண்டு கேட்டவன். எழுபத்தஞ்சு எண்டு சொன்னனான். பிள்ளை சந்தோசமாப் படுத்தவன்."