ஆறு மேசையிலும் ஒரே குறை

ஃபிஜித் தீவில் சவுசவு கடற்கரைப் பள்ளியின் விடுதியில் பதினோரு வருடம் இருநூறு பேருக்கு மரவள்ளியும் மீன்குழம்பும் ஆக்கிப் போட்டவள் உனைசி. வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை காலியானபோது அவளும் விண்ணப்பித்தாள். ஒரு வாரச் சோதனை வேலையில் ஒரு கண்ணாடிக் குழாயைக்கூட உடைக்காதவள் அவள் ஒருத்திதான், வேலை கிடைத்துவிட்டது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஆனாலும் தராசு காட்டும் எண்ணை இரண்டு முறை பார்க்காமல் அவள் ஏட்டில் எழுதியதில்லை.

அந்த வருடம் பிரவேஷ் மாஸ்டரின் வகுப்பு மக்னீசியம் ஆக்சைடின் வாய்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மக்னீசிய நாடாவை எடை போட்டு, மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தில் எரித்து, சாம்பலை மறுபடி எடை போடுவார்கள். கூடின எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். ஒரு மக்னீசியத்துக்கு ஓர் ஆக்சிஜன் என்று கணக்கு வரவேண்டும். 0.24 கிராம் நாடா 0.40 ஆக வேண்டும். ஆறு மேசையிலும் 0.36தான் வந்தது. கணக்குப் போட்டால் நான்கு மக்னீசியத்துக்கு மூன்று ஆக்சிஜன்.

செய்முறைத் தாள்கள் மதிப்பெண்ணுக்காகத் தலைநகர் சுவாவிலுள்ள தேர்வு அலுவலகத்துக்குப் போகிறவை. பிரவேஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“எல்லாரும் பாயின்ட் நாப்பதுன்னு எழுதுங்க. விடை தெரிஞ்சதுதானே.”

எடைத்தாளில் உதவியாளரும் கையெழுத்திட வேண்டும். உனைசி பேனாவை எடுக்கவில்லை.

“நான் கண்ணால பாத்தது முப்பத்தாறு சார். நாப்பதுல என் கையெழுத்து விழாது.”

“உனைசி அக்கா, இது குழம்பு இல்ல, ருசிக்குத் தகுந்த மாதிரி பேசறதுக்கு.”

பிள்ளைகள் சிரித்தார்கள். உனைசிக்குக் காது சூடாகிவிட்டது. அவளுடைய வேலை வருடா வருடம் புதுப்பிக்கப்படுவது. அதற்கான குறிப்பை எழுதுபவரும் இவர்தான்.

“குழம்புன்னே வச்சுக்குங்க சார்,” என்றாள். “ஆறு பேர் ஆறு சட்டியில உப்புப் போட்டா ஒருத்தருக்குக் கூடும், ஒருத்தருக்குக் குறையும். ஆறும் ஒரே மாதிரி குறைஞ்சா கையில கோளாறு இல்ல, உப்புலதான் கோளாறு.”

பிரவேஷ் கையெழுத்து விழாத தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதிய இடைவேளையில் உனைசி நாடாச் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எட்டு வருடமாகக் கடல்காற்றில் கிடந்து சாம்பல் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தாள், உள்ளே வெள்ளி போல மின்னியது. 0.24 கிராம் வெட்டி, தானே எரித்தாள். வாசலில் பிரவேஷ் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. கிண்ணம் ஆறியதும் அவர்தான் தராசை எட்டிப் பார்த்தார்.

“நாப்பது.”

“இன்னொரு தடவை பாருங்க சார்.”

பார்த்தார். நாற்பதுதான். நாடாவின் கால் பங்கு எரிப்பதற்கு முன்பே ஆக்சைடாகியிருந்தது என்பதை அங்கேயே கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அடுத்த வகுப்பில் பிள்ளைகள் முன்னாலேயே சொன்னார்: “அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அக்கா சொன்னதுதான் சரி. ரெண்டு எடையையும் எழுதுங்க, ஏன் மாறுச்சுன்னும் எழுதுங்க.”

அந்தத் தாள்களுக்கு சுவாவிலிருந்து நல்ல மதிப்பெண் வந்தது. உனைசியின் வேலையும் அந்த வருடமே நிரந்தரமாயிற்று. இப்போது அந்தக் கரையில் இன்னும் இரண்டு பள்ளிகள் செய்முறை நாளுக்கு முன்பு அவளைக் கூப்பிட்டு அனுப்புகின்றன. பஸ் ஏறிப் போய், எடை போடும் முன் நாடாவைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வருகிறாள்.