மஞ்சள் கேன்களின் வரிசை

அம்மாவுக்கு மறதி நோய் என்று தெரிந்த பிறகு ஹூஸ்டனில் எனக்குக் குறைவில்லாமல் கிடைத்தது அட்வைஸ்தான். ஹில்கிராஃப்ட் தெருவின் இந்தியக் கடைகளில் கறிவேப்பிலை வாங்க நின்றால்கூட யாராவது ஓர் ஆன்ட்டி பிடித்துக்கொள்வார். "மியூசியம் மாதிரி எங்கயாவது கூட்டிட்டுப் போம்மா. பிரெய்னை எங்கேஜ் பண்ணிட்டே இருக்கணும்" என்றார் ஒருவர். அம்மா என்னை மகள் என்று கண்டுகொள்வதே அபூர்வமாகிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றுவிடுமோ என்ற பயத்தில் யார் எதைச் சொன்னாலும் செய்தேன்.

அப்படித்தான் அந்தக் கண்காட்சிக்குப் போனோம். தூக்கிப்போட்ட பொருள்களைக் கொண்டு ஆப்பிரிக்கச் சிற்பிகள் செய்த பிரம்மாண்டமான சிற்பங்கள். பாட்டில் மூடிகளைக் கம்பியால் கோத்து ஒரு சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் வாயைப் பிளந்தேன், அம்மா கொட்டாவி விட்டாள்.

அடுத்த கூடத்தில், மஞ்சள் பிளாஸ்டிக் எண்ணெய்க் கேன்களை வெட்டித் தைத்துச் செய்த பெண்கள் இரண்டாள் உயரத்துக்கு ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். காலடியில் வெட்டாத கேன்கள். எண்ணெய் தீர்ந்ததும் அந்த ஊர்களில் அவற்றில்தான் தண்ணீர் பிடிப்பார்களாம், பலகையில் எழுதியிருந்தது. அம்மாவுக்குப் பலகை தேவைப்படவில்லை. விறுவிறுவென்று போய்க் கடைசிப் பெண்ணுக்குப் பின்னால் கைப்பையைத் தரையில் வைத்து இடம் போட்டாள். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து இடம் பிடிக்கிற அதே வேகம்.

காவலுக்கு நின்ற பெண் வந்து, பையைத் தரையில் வைக்கக் கூடாது என்றார், மரியாதையாகத்தான். நான் எடுக்கக் குனிந்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"அதுல கை வைக்காதீங்க. நான் காலைலேர்ந்து நிக்கறேன்."

வாங்க போங்க என்று பேசினால் அந்த நேரத்தில் நான் யாரோ.

"லாரி வராதும்மா. வீட்டுக்குப் போலாம், வா."

"வரும். நேத்தும் லேட்டாதான் வந்தான்."

காவல் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டு ஒதுங்கி நின்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இழுத்தால் கத்துவாள். விட்டால் மியூசியம் மூடும்வரை நிற்பாள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பக்கத்தில் நின்றேன்.

சற்று நேரம் கழித்து அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்துச் சிரித்தாள். கண்டுகொண்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

"ஒரு உதவி பண்றீங்களா? என் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்திருக்கும். வீடு பூட்டியிருக்குன்னு வாசப்படியிலேயே உக்காந்து அழும். ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்துடறேன். என் இடத்தைக் கொஞ்சம் பாத்துக்கோங்க."

"நான்தாம்மா அது."

அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். பின்னாலேயே போனேன். திரும்பி, கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"நீங்க வராதீங்க. இடம் போயிடும்."

காவல் பெண் சத்தமில்லாமல் அவளைத் தொடர்ந்தார். நான் அவள் இடத்திலேயே நின்றேன். அவ்வளவு பெரிய கூடத்தில் அம்மா என்னைத் தேடிப் போய்க்கொண்டிருந்தாள்.