பெயர்ப்பட்டைக்குப் பத்து நிமிடம்

முகாம் வாசலுக்கு எதிரே இருபத்தாறு வருடமாகக் கடை வைத்திருந்தார் மாஸ்டர். தையல்காரர் என்பதால் மாஸ்டர். மற்றபடி ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்தவரில்லை. ஆனாலும் முகாமில் யாருக்குத் தொப்பை விழுந்திருக்கிறது, யார் காய்ச்சலில் இளைத்திருக்கிறார் என்பதெல்லாம் முகாம் டாக்டருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். "வாய் பொய் சொல்லும், இஞ்சு டேப் சொல்லாது" என்று சிரிக்காமல் சொல்வார். கேட்பவர்கள் அவசரமாக வயிற்றை எக்கிக்கொள்வார்கள்.

கிழிந்த உடுப்போடு எவரையும் அவர் முகாமுக்குள் அனுப்பமாட்டார். அவசரம் என்று வந்து நின்றால், தைத்துத் தொங்குவதில் அதே அளவுள்ள வேறொருவர் உடுப்பை எடுத்துக் கொடுப்பார். மார்பிலிருக்கும் பெயர்ப்பட்டையைப் பிரித்துவிட்டு வந்தவருடையதை வைத்துத் தைக்கப் பத்து நிமிடம். சாயங்காலம் பழையபடி மாற்றிவிடுவார். அதிகாரிகளுக்கும் இது தெரியும், கண்டுகொள்ளமாட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை அப்படி ஓடி வந்தது அவருடைய சொந்த மருமகன். ஹெலிகாப்டர் மெக்கானிக். உடுப்பின் ஜிப் கழுத்திலிருந்து இடுப்புவரை பிய்ந்து தொங்கியது.

"மாமா, கால் மணி நேரத்துல கிளம்பணும். ஏதாவது குடுங்க."

ஹெலிகாப்டரில் ரேடியோ பேசும் ரேடியோக்காரரின் இரண்டாவது செட் உடுப்பு தைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு.

"இருங்க மாப்ளே, பட்டையை மாத்திடறேன்."

"வேணாம் மாமா, நேரமில்ல. அவரும் என்கூடத்தான் வர்றாரு, ஒண்ணும் நினைக்க மாட்டாரு."

"அப்போ யாராவது கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்புங்க" என்றார் மாஸ்டர். மருமகன் சிரித்துக்கொண்டே ஓடினான்.

ஐந்து பேரோடு மலைப்பக்கம் போன ஹெலிகாப்டரிடமிருந்து மதியத்துக்குப் பிறகு பேச்சே இல்லை. சாயங்காலம் தொலைக்காட்சியில் 'காணவில்லை' என்றார்கள்.

அதற்குப் பிறகு ஊருக்கு வாய் ஓயவில்லை. பக்கத்து முடிதிருத்தும் கடையில், ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டப் பயப்படுகிறவரெல்லாம் ஹெலிகாப்டர் விசிறி எப்படிச் சுற்ற வேண்டும் என்று பாடம் நடத்தினார். ஒருவர் சுட்டுத்தள்ளிவிட்டார்கள் என்றார். இன்னொருவர், எல்லையைத் தாண்டி இறங்கிச் சிறையில் இருக்கிறார்கள், அரசாங்கம் மூடி மறைக்கிறது என்று சத்தியம் செய்தார். பழைய இரும்பை வாங்கியதில் கமிஷன் என்றார் மூன்றாமவர். எப்படியும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது: "மெக்கானிக் சரியாப் பாக்கலையாம்." மாஸ்டர் அந்தப் பக்கம் போனால் உடனே வானிலையைப் பேசுவார்கள். மனுஷனுக்குக் காது இருக்கிறது என்பதுகூட இவர்களுக்கு நினைவில் இல்லை.

மகள் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் பச்சைத் தண்ணீர்தான். எல்லை தாண்டிய கதையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். "சிறையில இருந்தாக்கூடப் பரவாயில்லப்பா, இருந்தாப் போதும்" என்பாள்.

வியாழக்கிழமை மதியம் செய்தி வந்தது. மலைச்சரிவில் ஒரு உடல் கிடைத்திருக்கிறது. முகம் அடையாளம் தெரியவில்லை. மார்பிலிருந்த பெயரைப் பார்த்து ரேடியோக்காரர் என்று சொல்கிறார்கள். மற்ற நால்வரைத் தேடுகிறார்கள்.

"அப்பா, அவர் இல்லப்பா! அவர் இல்ல!" மகள் மாஸ்டரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அழுதாள், சிரித்தாள். அடுத்தவள் தாலி போனதற்குச் சந்தோஷப்படுகிறோமே என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். பிறகு, "பசிக்குதுப்பா" என்றாள்.

மாஸ்டருக்கு அந்தத் தைக்காத பட்டைதான் நினைவுக்கு வந்தது. சொல்ல வாயெடுத்தவர், தட்டை வைத்துப் பரிமாறினார். அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். அவர் இரண்டாவது கரண்டி போட்டார். ஒருவேளை இரண்டு பேரும் அந்தப் பெயரோடுதானே போனார்கள், உண்மையிலேயே ரேடியோக்காரராக இருக்கலாமே என்று தோன்றிய நினைப்பைப் பிடித்துக்கொண்டார். அது ஒரு பிடி சோறு தின்னும் நேரம்கூட நிற்கவில்லை, தொலைக்காட்சியில் உடுப்பைக் காட்டினார்கள். காலர் ஓரத்தில் மடித்து அடித்த இரட்டைத் தையல் அவருடையது. போன வாரம்தான் அடித்தார். ரேடியோக்காரர் அந்த செட்டை இன்னும் வாங்கிப் போகவே இல்லை; போட்டுக்கொண்டு ஓடியது மருமகன்தான்.

சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? இன்னும் இரண்டு நாள், நாலு நாள், அவள் சாப்பிடுவாள், தூங்குவாள். அந்த ஆசை அவருக்கு வந்தது. அதை ஒளிப்பதற்கில்லை.

மகள் கை கழுவி, முகம் துடைத்து, செருப்பை மாட்டினாள். "ரேடியோக்காரர் வீட்டு அக்காவைப் போய்ப் பாத்துட்டு வரேன். பாவம், தனியா இருப்பாங்க."

மாஸ்டர் வாசலை மறித்து நின்றார். "போகாதம்மா."

"ஏம்ப்பா?"

அவர் சொன்னார். ஜிப்பைச் சொன்னார், தொங்கிய உடுப்பைச் சொன்னார், தைக்காத பட்டையைச் சொன்னார். பத்து நிமிடம் பிடித்து உட்கார வைத்திருந்தால், என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. மகள் கதவைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை.

"தெரிஞ்சிருந்துமாப்பா என்னைச் சாப்பிட வச்சீங்க?"



அடுத்த தெருவிலிருந்து அழுகைச் சத்தம் இங்கேவரை கேட்டது. மகள் கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவை ஒதுக்கிவிட்டு நடந்தாள். மாஸ்டர் பின்னாலேயே போனார்.

ரேடியோக்காரர் வீட்டில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தரையில் கிடந்தவளை மகள் தூக்கி உட்கார வைத்தாள்.

"அக்கா, அழாதீங்க. அது உங்க வீட்டுக்காரர் இல்ல. அவரைத் தேடிட்டுத்தான் இருக்காங்க."

அந்தப் பெண் அவள் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் உயிர் வந்துவிட்டது.

"நிஜமாவா? அப்போ அது யாரு?"

மகள் ஒரு கையை விடுவித்து, அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.