பாதியில் நின்ற சீட்டாட்டம்

உள்ளறையிலிருந்து மணியடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த சங்கரேஸ்வரி சட்டென்று திரும்பினாள். அவள் புருஷனின் லேப்டாப் ஒருநாளும் அப்படிக் குரல் கொடுத்ததில்லை.

"அண்ணாச்சி, என்னத்தை அழிச்சிய?" என்று டம்ளரோடு ஓடினாள்.

"ஒண்ணையும் அழிக்கலை தாயி. பென்டிரைவ்ல இருந்து லினக்ஸ் எந்திரிச்சிருக்கு, அம்புட்டுத்தான். டீயை என் தலையில கொட்டிராத," என்றார் குத்தாலிங்கம். தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். அவள் புருஷன் மகாராஜாவோடு பள்ளியில் படித்தவர்.

அவள் சிரிக்கவில்லை.

ஊர்க்காவல் படையில் இருந்த மகாராஜா, போன சீசனில் குற்றாலத்துக்குக் காவலுக்குப் போனவன், நனைந்த ரோட்டில் பைக் சறுக்கி வீடு திரும்பவேயில்லை. கிளம்பும்வரை லேப்டாப்பில் தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். "ஏட்டி, இதைத் தொடாத. வந்து ஜெயிச்சுக் காட்டுதேன்," என்று மூடியைச் சாத்திவிட்டுப் போனான். அவள்தான் வாசலில் நின்று வழியனுப்பினாள். அன்றிலிருந்து அவள் அதை ஷட்டவுன் செய்ததே இல்லை. தினமும் விளக்கேற்றியதும் திறப்பாள். அவன் விட்ட இடத்திலேயே சீட்டுகள் காத்திருக்கும். பார்ப்பாள், அழுவாள், மூடுவாள்.

திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை. வேலைக்கான பக்கம் பழைய விண்டோஸில் திறக்க மறுத்தது. அந்த வேலையும் போனால் பிள்ளைகளின் சோற்றுக்கு வேறு வழியில்லை. அதனால்தான், பழையதைத் தொடாமல் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்ற வேறொரு இயங்குதளம் போட்டுத் தரக் கேட்டிருந்தாள்.

குத்தாலிங்கம் நெற்றியைத் தேய்த்தார். "தாயி, டிஸ்க்குல லினக்ஸுக்கு இடம் பிரிக்க விட மாட்டேங்குது. விண்டோஸ் அரைத் தூக்கத்துல கெடக்கு. அதை முழுசா ஷட்டவுன் பண்ணணும். இல்லைன்னா மொத்தத்தையும் அழிச்சுட்டுத்தான் போடணும்."

"ஷட்டவுன் பண்ணினா... அவிய சீட்டாட்டம்?"

"போயிரும். போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோயேன்."

"போட்டோதான் செவுத்துல மாலையோட தொங்குதே அண்ணாச்சி!"

அவர் விண்டோஸைத் திறந்து கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிவப்பு ஏழைக் கறுப்பு எட்டின் மேல் வைக்கலாம். அவன் கவனிக்காமல் விட்ட இடம். அவள் விரல் அங்கே போய் நின்றது. வந்து ஜெயிக்கிறேன் என்றவனின் ஆட்டத்தில் அவள் எப்படிக் கை வைப்பாள்?

ஷட்டவுனைத் தட்டியதும், ஆட்டம் இன்னும் ஓடுகிறது, நிறுத்தவா என்று திரை கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினாள். திரை இருண்டது.

"ரெண்டாவது தடவையும் நானே அனுப்பி வச்சுட்டேனே!" என்று சேலைத்தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சரிந்தாள்.

அதன் பிறகு லினக்ஸ் எந்தத் தகராறும் செய்யவில்லை. மறுபடி இயக்கியபோது, எதற்குள் போகிறாய் என்று இரண்டு பெயர்களை வரிசையாகக் காட்டியது.

"மேல இருக்கது புதுசு. கீழ அவன் வச்சிருந்த விண்டோஸ். ஒரு பைல்கூடப் போகலை," என்றார் குத்தாலிங்கம்.

"கீழ இருக்கதுக்குள்ள போனா, ஆட்டம்..."

"புது ஆட்டம் வரும் தாயி."

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டி, குடையை விரித்துச் சாரலுக்குள் இறங்கினார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்தவள், இனி யாரும் வருவதற்கில்லை என்பது போலக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.