சகலையின் ஒற்றை ஊசியும் என் கடிகாரமும்

1998 ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். தில்லி ஆர்.கே.புரத்தில் எதிர்க் குவார்ட்டர்ஸ்கூடத் தெரியாத மூடுபனி. அந்த நிமிடத்தில்தான் என் இடது மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினேன். அதனால்தான் இத்தனை துல்லியமாகச் சொல்ல முடிகிறது. கழற்றச் சொன்னவர் என் சகலை, என் மனைவியின் தங்கை கணவர். நாடி பார்க்கக் கடிகாரம் இடைஞ்சலாம். வாங்கித் தன் பேண்ட் பையில் போட்டுக்கொண்டார்.

சகலை மத்திய அரசில் கிளார்க். சென்னையிலிருந்து வந்துபோன ஒருவரிடம் பழைய சீன முறை அக்குபங்சரைக் கற்றுக்கொண்டு, ஞாயிறுதோறும் முன்னறையில் வைத்தியம் பார்த்தார். காசு வாங்கமாட்டார். எந்தக் காரியத்துக்கும் நேரத்துக்கு வராத மனிதர். அவர்மேல் நம்பிக்கை வராமலிருக்க எனக்கு அது ஒன்றே போதும். ஆனால் ஏழு வருடமாக நெஞ்சுக்குக் கீழே எரிச்சல். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், புண் ஏதும் இல்லை என்று சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரை போட்டும் சோற்றைக் கண்டாலே பயம். அந்தக் குளிர்காலத்தில் ஆறு கிலோ இளைத்திருந்தேன். என் மனைவி என் சட்டைகளையெல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தையல்மேல் குனிந்திருந்த அந்த முகம்தான் என்னை எங்கள் மயூர் விஹாரிலிருந்து பஸ் ஏற வைத்தது.

இரண்டு கைகளையும் மாறிமாறிப் பிடித்தார். ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை முதலில் லேசாக வைத்தார், பிறகு அழுத்தினார். நிமிடத்துக்கு எத்தனை என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். எண்ணாமல் நாடி பார்க்கிறவரிடம் என்ன பேசுவது? கண்ணை மூடிக்கொண்டே, வயிறு மண், கல்லீரல் மரம், மரம் மண்ணை நெருக்குகிறது என்று சொன்னார். கோபமும் சிடுசிடுப்பும் தங்குவது கல்லீரலில் என்பது அந்தப் பழைய வைத்தியர்களின் கணக்காம். எரிகிற இடத்தை மட்டும் அடக்கிப் பயனில்லை, நெருக்குவதைத் தளர்த்திவிட்டால் மீதியை உடம்பே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. கூட வந்திருந்த என் மனைவி நிதானமாக, "இதுக்கு நாடி எதுக்குத் தம்பி? என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றாள். சமையலறையில் அவள் தங்கை சிரித்தாள். நான் முறைத்தேன். அதையும் சகலை தன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் குளிரில் இரண்டு ஜோடி சாக்ஸையும் கழற்ற வைத்தார். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, பாதத்தில் ஒரு ஊசி. அவ்வளவுதான். இதற்கா இரண்டு பஸ் மாறி வந்தேன் என்று கேட்டேன்.

"கதவைத் தட்டுனாப் போதும்லா அண்ணாச்சி. உள்ள ஆள் இருக்கு."

மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்றார். மற்றபடி பசித்தால் சாப்பாடு, தாகம் எடுத்தால் தண்ணீர். எனக்கோ காலை எட்டரை, பகல் ஒன்று, இரவு எட்டு, இடையே எட்டுத் தம்ளர் தண்ணீர். முப்பத்து மூன்று வருட ஆபீஸில் லஞ்ச் என்பது ஒன்று முதல் ஒன்றரை வரை. பசிக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் மணிக்கட்டு காலியாக இருப்பதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் சுவர்க் கடிகாரம் நின்றிருந்தது. புறப்படும்போது சகலை என் மனைவியிடம் ஏதோ கிசுகிசுத்திருந்தார். அதன்படி அவள் உள்ளே நுழைந்ததும் அதன் பேட்டரி செல்லை உருவி எங்கோ ஒளித்துவிட்டாள். கரண்ட் இல்லை, அதனால் டிவியும் இல்லை. பால்கனியில் நின்றால் ஒரே வெள்ளை. காலையா மாலையா என்றே சொல்ல முடியாத வெளிச்சம். பக்கத்து வீட்டில் மணி கேட்கப் போன என்னை அவள் வாசலிலேயே மறித்தாள். சாம்பார் ஆறியது. போனில் சகலையைப் பிடித்துக் கடிகாரத்துக்காகச் சண்டை போட்டேன். சண்டையின் முடிவில், கேட்கவே கூச்சமாக இருந்ததையும் கேட்டுவிட்டேன். பசி என்றால் எப்படி இருக்கும்?

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வந்தா உங்களுக்கே தெரியும் அண்ணாச்சி. மெமோ அனுப்பிட்டா வரும்?"

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. கீழ் வீட்டில் யாரோ ரொட்டி சுட்டார்கள். அந்த வாசனைக்கு வாயில் நீர் ஊறியது. எரிச்சல் இருக்கும் இடத்துக்கும் கீழே, காலிப் பாத்திரம் போல ஏதோ திறந்துகொண்டது. அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. ரசம் சாதம் போடச் சொன்னேன். இரண்டாவது முறையும் கேட்டபோது, என் மனைவி பரிமாறிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் வாழ்நாளில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன் என்று தெரியாத சாப்பாடு அது ஒன்றுதான்.

ஒரே ஊசியில் தீர்ந்தது என்று எழுதினால் பொய். கோடை வரும்வரை ஞாயிறுதோறும் போனேன். பிறகு டாக்டரே மாத்திரையைக் குறைத்தார். குணமானது ஊசியாலா, பசியாலா, கடிகாரம் இல்லாததாலா என்று பிரித்துச் சொல்லச் சகலையை எத்தனையோ முறை கேட்டேன். ஒரு நேரான பதில் அவரிடமிருந்து வந்ததில்லை. பின்னொரு நாள் பஸ்ஸிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். விடுவேனா? ஏன், ஒரு ஊசி போட்டுக்கொள்வதுதானே என்று கேட்டேன். மாவுக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

"இது எலும்பை அசையாம வைக்கும், அவ்வளவுதான். ஒட்டுறது யாரு அண்ணாச்சி, இதுவா?"

படுத்த படுக்கையிலும் அவர் கட்சிதான் ஜெயித்தது. எரிச்சலோடு வீடு திரும்பினேன். இது வேறு எரிச்சல்.

அவர் போய் ஒன்பது வருடமாகிறது. இப்போது மகன் வாங்கிக் கட்டிவிட்ட கடிகாரம் என் நாடியை நாள் முழுக்க எண்ணுகிறது. நேற்று எழுபத்தாறு. தண்ணீர் குடி என்று மணிக்கட்டில் கிர்ரென்கிறது. மரம், மண் எதுவும் அதற்குத் தெரியாது. சாப்பிட உட்காரும்போது கழற்றிப் பையில் போட்டுவிடுகிறேன்.

அந்தப் பழைய கடிகாரம் அடுத்த ஞாயிறே திரும்பி வந்தது, நின்றுபோய். சகலை பேண்ட் பையிலேயே மறந்துவிட்டார். அவர் மனைவி அதைப் பேண்டோடு சேர்த்துச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டாள். ரிப்பேர் காசை நானே தருகிறேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொன்னார். வழக்கம்போல அதற்கும் நேரத்துக்கு வரவில்லை, தராமலே போய்ச் சேர்ந்துவிட்டார். ரிப்பேருக்குக் கோல் மார்க்கெட் கடைக்காரர் வாங்கியது ரூபாய் நூற்று நாற்பத்தைந்து.