மூன்றாம் மாடி லிஃப்ட் கதவு

எங்கள் அடுக்ககத்தின் காவலாளி நாகராஜுக்கு வேலை போகவிருந்தது. போக வைக்கப் பார்த்தவன் நான்தான். பெயர் ஸ்ரீனிவாசராகவன், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கல்லூரியில் முப்பத்தைந்து வருஷம் பையன்களை அதட்டிப் பழகிய தொண்டை. உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்பாள் என் மனைவி வேம்பு. மூக்குக்குக் கீழேயும் வரும், அது அவளுக்கே தெரியும்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்று மாடிக் கட்டடம், பழைய லிஃப்ட். இரும்புக் கம்பிக் கதவைக் கையால் இழுத்துச் சாத்த வேண்டும். விரலளவு திறந்திருந்தாலும் லிஃப்ட் அந்த மாடியிலேயே சிவனே என்று நின்றுவிடும். யாராவது படியேறிப் போய்ச் சாத்தினால்தான் மறுபடி நகரும்.

நாகராஜுக்கு ஐம்பத்தெட்டு வயது. தேனாம்பேட்டையில் ஓர் அச்சகத்தில் காகிதக் கட்டு சுமந்தவர். அங்கே வழுக்கி விழுந்ததில் இடது முட்டி போயிற்று. கொட்டிவாக்கத்திலிருந்து பஸ் மாறிக் காலை ஆறு மணிக்குள் வந்துவிடுவார். சொட்டுகிற குழாயைத் திருகி மூடுவார். பார்சல் கொண்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கேனைக் காட்டுவார். மழை நாளில் செய்தித்தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து, ஈரம் படாமல் கொடுப்பார். பதினோரு வருஷமாக இதெல்லாம் நடந்திருக்கிறது, நான் எங்கே கவனித்தேன்?

நான் கவனித்தது அவருடைய காலி நாற்காலியை. மாலை ஐந்தரைக்கு மந்தைவெளி மார்க்கெட்டிலிருந்து திரும்பி, மூன்றாம் மாடி பால்கனியில் காபியோடு நின்று பார்த்தால் கேட்டில் ஆள் இருக்காது. தினமும் இதே கதை.

"எங்கய்யா போற, கேட்டைப் போட்டுட்டு?"

"இங்கதான் சார் கீறேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதே சமயத்தில், லிஃப்ட் கதவைச் சாத்தாமல் போகிறவர்களையும் வாட்ஸப் குழுவில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன். 'நாகரிகம் தெரியாத அந்த நபர் யார்?' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். பசை தடவி ஒட்டியவர் நாகராஜ். கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துவிட்டு, "போதுமா சார்?" என்றார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் நாகராஜை நிறுத்துகிற பேச்சு வரவிருந்தது. ஆளை நிறுத்துவதென்றால் ஆதாரம் வேண்டும் என்றார் தலைவர் ஹனீஃபா. தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவர், எதையும் அளந்துதான் பேசுவார். நானும் விடுவேனா? சனிக்கிழமை காலை கேமரா பதிவுகளைப் போட்டு உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை, மணி ஐந்து இருபத்தெட்டு. மூன்றாம் மாடியில் லிஃப்டிலிருந்து ஒரு வழுக்கைத்தலை இறங்குகிறது. இரண்டு கையிலும் காய்கறிப் பை. குதிகாலால் கதவை ஒரு தள்ளு. கதவு போய் முட்டி, விரலளவு திரும்பி வந்து நிற்கிறது. வழுக்கைத்தலை திரும்பிப் பார்க்காமல் எங்கள் வீட்டுக்குள் நுழைகிறது.

சற்றுப் பொறுத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாகராஜ் ஒவ்வொரு படியாக ஏறி வருகிறார். கதவைச் சாத்துகிறார். கீழே காத்திருப்பவருக்கு லிஃப்டை விட்டுவிட்டு, முட்டியைத் தேய்த்தபடி படியிலேயே இறங்குகிறார். செவ்வாய்க்கிழமையும் அதேதான். வெள்ளிவரை பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வேம்பு பின்னால் நின்றிருந்தாள். "ஏன்னா, அந்த நாகரிகம் தெரியாத நபர் நம்மாத்துலதான் இருக்கார் போலருக்கே."

"கத்தாதே" என்றேன். அவள் கத்தவேயில்லை.

ராத்திரிக்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். பதிவு தெளிவாக இல்லை என்று கூட்டத்தில் மழுப்பிவிடலாம். நாகராஜுக்கு வேலை மிஞ்சும், எனக்கு மானம் மிஞ்சும்.

ஞாயிறு காலை, கூட்டம் தொடங்குமுன்பே நாகராஜ் சலவைச் சட்டையில் வந்து, சாவிக் கொத்தையும் மடித்த காகிதம் ஒன்றையும் மேஜைமேல் வைத்தார்.

"என்னை நிறுத்தப் போறீங்கன்னு சொன்னாங்க. புச்சா வர்ற ஆளுக்குத் தெரியணும்ல சார், அதான் எழுதினாந்தேன்."

ஹனீஃபா பிரித்து உரக்கப் படித்தார். "மோட்டார் காலைல ஆறு மணிக்குப் போடணும், இருபது நிமிசம் போதும். செம்பருத்திக்கு ஒரு வாளி தண்ணி. ரெண்டாவது மாடி பாப்பாவுக்கு ஸ்கூல் வேன் வர்ற வரைக்கும் கூட நிக்கணும். சாயந்தரம் அஞ்சரைக்கு மூணாவது மாடி லிஃப்ட் கதவைப் போய் சாத்தணும். சாருக்கு ரெண்டு கையிலயும் பை கீது. அவர இன்னான்னு கேக்க வேணாம்."

காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார் ஹனீஃபா. "எந்த சாரு, நாகராஜ்?"

"அத்த விடுங்க சார். இன்னா இப்போ."

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பி முறைத்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். வெட்கம்தான் வந்தது, உச்சந்தலைவரை. தெளிவில்லாத பதிவைப் பற்றித் தயாராக வைத்திருந்த வாக்கியம் வாயிலேயே செத்துப்போயிற்று.

எழுந்து நின்றேன். "நான்தான்" என்றேன். "தினமும் அவரை மூணு மாடி ஏற வெச்சது நான். அந்த நோட்டீஸ்ல கேட்டிருக்கற நபரும் நான்தான்."

சாவிக் கொத்தை எடுத்து நாகராஜ் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், காகிதத்துக்கும் கை நீட்டினார்.

"நான் லீவு போட்டா வர்ற ஆளுக்கு ஆவும் சார்" என்றார். "அந்தக் கடைசி வேலைய மட்டும் அடிச்சிர்றேன்."